உலாந்தா வரிசை – 9: அடுப்படிக் கதவு

அப்துல் சமது தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். தொப்பி அவர் தலையில்தான் இருந்தது.

"ஜும்ஆவுக்கு நேரமாச்சு. எங்கே வச்சே ரோஷன்?"

"கண்ணாடியைப் பாருங்க" என்றாள் ரோஷன் பீவி அடுப்படியிலிருந்து.

பார்த்தார். அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்தே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. துணிக்கடையில் பாதி அலமாரி காலி. புதுச் சரக்கு என்ற பேச்சே இல்லை. ஊரெல்லாம் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருக்கிறது. இவர் என்னவோ கோட்டையைப் பிடித்த சுல்தான் மாதிரி தினமும் ஒரு சுவரையாவது தட்டிப் பார்க்காமல் வெளியே கிளம்புவதில்லை. இன்றைக்குக் கூடத்துச் சுவர்.

"முழங்கை கனம்! உலாந்தாக்காரன் கட்டினது. இதை நான் என்ன விலைக்கு முடிச்சேன்னு வெளியே சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"அப்போ சொல்லாதீங்க."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தாவூத், லாத்தாவின் பதிலைக் கேட்டுச் சிரித்தான். ரோஷன் பீவியின் தம்பி அவன். மச்சானுடைய கடையிலேயே வேலை, மச்சானுடைய வீட்டிலேயே சாப்பாடு. இரண்டு பேரும் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள்.

"வாசக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்க. ஜமீலா ஜன்னல் பக்கம் வரக் கூடாது" என்று சமது வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போனார்.

ஜமீலாவுக்காகத்தானே இந்த வீடே! பதினாறு வயது மகள். தெங்கேராவில் அவர்கள் இருந்த வீடு சாலையை ஒட்டியது. ஜப்பான்காரன் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளைச் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். மூச்சடக்கி உட்கார்ந்திருந்துவிட்டுத் தூசியும் வேர்வையுமாக அவள் வெளியே வருவதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் சமதுவுக்கு மனசு விட்டுப்போயிற்று. சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு வீடு வேண்டும் என்று அலைந்து, காஜா பெராங்கில் இதைப் பிடித்தார்.

அந்தச் சந்தில் ஏழு வீடுகள், ஒரே கூரையின் கீழ், ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கட்டியவர்கள் ஒரு காலத்தில் ஊரை ஆண்ட உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள். இருப்பவர்கள் அவர்கள் வழி வந்தவர்கள். நிறம் மங்கி, மலாய் பேசி, சம்பல் அரைத்துத் தின்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள். நம்மவர்கள் அந்தச் சந்துக்கு வைத்த பெயர் உலாந்தா வரிசை. வரிசையில் எல்லாருக்கும் எல்லாரும் ஏதாவது ஒரு வகையில் உறவு. வெளியாள் ஒருவர் அங்கே வீடு வாங்கியது இதுதான் முதல் தடவை.

விற்றவள் கத்ரீனா. அவள் புருஷன் வெள்ளைக்காரனுடைய தொண்டர் படையில் சேர்ந்தவன். சிங்கப்பூர் விழுந்தபோது கைதியாகப் பிடிபட்டான். உயிரோடு இருக்கிறானா என்றுகூட இன்றுவரை சேதி இல்லை. வரிசையின் கடைசி வீட்டை விற்றுவிட்டு, மகள் எல்சாவோடு அதை ஒட்டிய வீட்டில், அக்காள் வீட்டிலேயே ஒண்டிக்கொண்டாள். தரகு பேச வந்தவன் கருணாகரன். போன வருஷம்வரை சாதாரண குமாஸ்தா. இப்போது நாலு வார்த்தை நிப்போங்கோ கற்றுக்கொண்டு ஜப்பான்காரன் ஆபீசில் துபாஷியாக இருக்கிறான்.

பேரம் என்றால் சமதுவுக்குப் பசி தெரியாது. கூரை ஒழுகும் என்றார். கிணறு பாதிதான் என்றார். சந்து குறுகல் என்றார். கத்ரீனா எதற்கும் மறுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடுப்படியில எங்க பக்கம் திறக்கிற கதவு ஒண்ணு இருக்கு. அதை மட்டும் எப்பவும் அடைச்சிடாதீங்க."

"ஏன்?" என்றான் கருணாகரன்.

"பழக்கம்" என்றாள் கத்ரீனா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

சமது சரி சரி என்று தலையாட்டினார். பேரம் படிந்த சந்தோஷத்தில் அவர் எதற்கும் தலையாட்டியிருப்பார். பேச்சு நடந்த தெங்கேரா வீட்டில் திரைக்குப் பின்னால் நின்ற ரோஷன் பீவியும் அதைக் கேட்டாள். அரைகுறையாக இல்லை, நன்றாகவே கேட்டாள்.

ரோஷன் பீவியைக் கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. பசி என்று வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். ஆனால் சுத்தம் என்று ஒன்று பிடித்துக்கொண்டால் அவளுக்குக் கண்மண் தெரியாது. கோஷாவில் இருக்கிற பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு, அந்நிய ஆண்கள் நடமாடுகிற வீட்டுக்கு அடுப்படியிலேயே ஒரு வழியா? அதுவும் ஹராம் பொரிக்கிற அடுப்படிக்கு! குடிவந்த அன்றே அந்தக் கதவிடுக்கு வழியாகப் பன்றிக் கொழுப்பு வாசம் வருகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சமது மோந்து பார்த்துவிட்டு, பிளாச்சான் இறால் விழுது வாசம் மாதிரிதான் இருக்கிறது என்றார். அவருக்கு என்ன தெரியும்!

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் தம்பியைக் கூப்பிட்டாள்.

"வேணாம் லாத்தா. மச்சான் வாக்குக் கொடுத்திருக்காரு" என்றான் தாவூத்.

"உன் மச்சான் ஆம்பளை. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் என் மகளும்தான் இருக்கோம். அடிடா."

சரக்குப் பெட்டியிலிருந்து பிடுங்கிய நீள ஆணிகளைத் தலை வெளியே தெரியாமல் உள்ளே இறங்கும்வரை அடிக்கச் சொன்னாள். செங்கால் மரக் கதவு, செங்கால் மர நிலை. அதில் இறங்கிய ஆணி லேசில் திரும்பி வராது. அதன்மேல் அரிசிப் பீப்பாயை நகர்த்தி வைத்தாள். அதோடு விட்டாளா? இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு அது. நடுச்சுவர் கிணற்றின் மேலேயே நிற்கும். பாதி வாய் இங்கே, பாதி வாய் அங்கே. தண்ணீர் இறைக்கிற நேரம் போகத் தன் பக்கத்து வாய்க்குப் பலகை போட்டு மூடினாள். அவர்கள் வாளித் தண்ணீர் இங்கே தெறிக்கக் கூடாதாம். கீழே தண்ணீர் ஒன்றுதான் என்பதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

சமதுவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் சுவர்களைத் தட்டிப் பார்த்தாரே தவிர அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை ஆண்கள் கிளம்பிப் போன பிறகு ஜமீலா தாயிடம் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"உம்மா, நேத்து எல்சா கதவிடுக்குல பேசுனா."

"அந்தப் பொண்ணோட உனக்கு என்ன பேச்சு?"

"கதவைத் திறந்து வைக்கச் சொல்லுன்னா. உனக்கும் நல்லதுன்னா. ஏன்னு கேட்டேன், அதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டா."

"நமக்கு எது நல்லதுன்னு அவ வந்து சொல்லணுமா? கிழங்கை உரி."

ஜமீலா உதட்டைச் சுழித்துக்கொண்டு கிழங்கை உரித்தாள். ரோஷன் பீவி கருவாட்டைச் சட்டியில் போட்டாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. எங்கேயோ வரிசையின் முன்கோடியில் தொம் என்று ஓர் இடி. கொஞ்சம் கிட்டத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னும் கிட்டத்தில். கடைசியில் பக்கத்து வீட்டுச் சுவரிலேயே யாரோ உலக்கையால் ஓங்கி இடிக்க, அலமாரியிலிருந்த பீங்கான் தட்டுகள் கலகலவென்று ஆடின.

"பார்த்தியா! நாம தொழுகிற நேரமாப் பார்த்து வேணும்னே இடிக்கிறாளுவ" என்றாள் ரோஷன் பீவி.

சொல்லி முடிப்பதற்குள் அடுப்படிக் கதவில் கைகள் படபடவென்று அடித்தன.

"மாமி! மாமி, புக்கா! புக்கா பிந்து!"

திறக்கச் சொல்லுகிறார்கள். ரோஷன் பீவிக்கு முணுக்கென்று கோபம் வந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பீப்பாய்க்கு இந்தப் பக்கம் நின்றபடியே மலாயில் பதில் சொன்னாள்.

"ஆம்பளைங்க வீட்டில இல்லை. எதுவா இருந்தாலும் சாயங்காலம் வாங்க."

பிற்பாடு அவள் எத்தனையோ பேச்சுகளை மறந்தாள். தான் சொன்ன இந்த வார்த்தையை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

"மாமி, நான் எல்சா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். மூச்சு வாங்கியது. "ஜெப்புன் வந்துட்டான். முதல் வீட்டில இருக்கான். சாப்பாட்டுக் கடையில வேலைக்குப் பொண்ணுங்க வேணும்னு லாரியோட வந்திருக்கான். எல்லாப் பொண்ணுங்களும் இங்கே இருக்கோம். உங்க பின்வாசல் வழியாத்தான் மாமி போகணும்! திறங்க!"

ரோஷன் பீவியின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

வரிசையில் மற்ற வீடுகளுக்கெல்லாம் பின்பக்கம் சரக்குக் கிட்டங்கியின் உயரச் சுவர் அடைத்துக்கொண்டிருந்தது. கடைசி வீட்டுக்கு மட்டும்தான் பின்வாசல். அதைத் திறந்தால் வாழைத்தோப்பு, அதைத் தாண்டினால் சீனர் இடுகாடு. ஜப்பான்காரன் வந்த நாளிலிருந்து அந்த வரிசைப் பெண்கள் பிழைத்ததே இந்த வழியால்தான். முதல் வீட்டில் உலக்கை இடித்தால் அடுத்த வீடு இடிக்கும். அடுப்படிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். சோல்ஜர் சந்தில் நடந்து வருவதற்குள் பெண்கள் வீட்டுக்குள்ளேயே நடந்து கடைசி வீட்டுக்கு வந்து தோப்பில் மறைந்துவிடுவார்கள். துபாஷியை வைத்துக்கொண்டு கத்ரீனா இதை எப்படி வாய்விட்டுச் சொல்வாள்?

"உம்மா, என்ன நிக்கிறீங்க!" என்று ஜமீலா கத்தினாள்.

இருவரும் பீப்பாயைத் தள்ளினார்கள். ரோஷன் பீவி அரிவாள்மணையை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். அலகு வளைந்தது. உலக்கையை எடுத்து இடித்தாள். கதவு வெறுமனே உறுமியது. ஆணித் தலைகளை நகத்தால் தேடினாள். தலை தெரியாமல் இறக்கச் சொன்னவள் அவள்தானே! தம்பி சொன்னபடியே இறக்கியிருந்தான்.

"வர மாட்டேங்குதே! யா அல்லா, வர மாட்டேங்குதே!"

அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். எல்சா அவளை அதட்டினாள்.

"கிணறு!" என்றாள் எல்சா. "மாமி, உங்க பக்கம் பலகையை எடுங்க!"

ரோஷன் பீவிக்கு விளங்குவதற்கு முன்னாலேயே ஜமீலா ஓடிப்போய்ப் பலகைகளைத் தூக்கி எறிந்தாள். நடுச்சுவர் கிணற்றுக்குள் தண்ணீர்வரை இறங்கவில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு வளைவாக நின்றுவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கி, வளைவுக்கடியில் புகுந்து, இந்தப் பக்கம் ஏற வேண்டும். தூர் வாருகிறவர்கள் கால் வைப்பதற்காகக் கிணற்றுச் சுவரில் கற்கள் துருத்திக்கொண்டிருந்தன.

முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு ஈரத் தலை. ரோஷன் பீவியின் கயிறு நைந்துபோன கயிறு. அவள் கொடியில் கிடந்த தன் வெள்ளைத் துப்பட்டியை இழுத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு உள்ளே விட்டாள். வெளியே போனால் நகக்கண்கூடத் தெரியாமல் போர்த்திக்கொண்டு போவாளே, அந்தத் துப்பட்டி. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். கவுன் உடம்போடு ஒட்டி, பல் கிடுகிடுக்க, முழங்கால் தேய்ந்து ரத்தம் வடிய, அவள் மார்பிலேயே வந்து விழுந்தார்கள். யாரையும் அவள் தள்ளி நிறுத்தவில்லை.

"எல்சா எங்கே?" என்று ஜமீலா கேட்டாள்.

"மேலே. எங்களை இறக்கிவிட்டுட்டுக் கடைசியா வர்றேன்னா" என்றாள் கடைசியாக ஏறி வந்த சின்னப் பெண்.

"நீ இதுங்களைக் கூட்டிக்கிட்டுத் தோப்புக்குப் போ" என்று மகளைப் பிடித்துத் தள்ளினாள் ரோஷன் பீவி. "எல்சாவை நான் ஏத்தி விடறேன். ஓடு!"

பின்வாசல் வழியாக அத்தனை பேரும் போனார்கள். ரோஷன் பீவி கிணற்று வாயில் குனிந்து, துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு முன்கூடத்தில் சப்பாத்துச் சத்தம். கத்ரீனா வாசலிலேயே நின்று, ஏதேதோ பேசி, அவர்களை நிறுத்திப் பார்த்திருக்கிறாள். ஓர் அறைச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல். அது மலாயில் பேசினாலும் ரோஷன் பீவிக்கு அந்தக் குரலைத் தெரியும். தெங்கேரா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவள் போட்டு அனுப்பிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்ன குரல்.

"பொண்ணுங்க எல்லாம் இங்கேதான் இருக்கணும். அடுப்படியில பாருங்க" என்றான் கருணாகரன்.

கிணற்றுக்குள் சளக்கென்று ஏதோ விழுந்தது. ரோஷன் பீவி எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக் கயிறு. எல்சா இறங்கவில்லை. யாரும் கிணற்றைப் பார்க்கக் கூடாது என்று கயிற்றை உள்ளே போட்டுவிட்டுக் கூடத்துக்கு நடந்துவிட்டாள். அவள் குரல் கூடத்திலிருந்து தெளிவாகக் கேட்டது.

"வேறே யாரும் இல்லை. வீட்டில நான் ஒருத்திதான் இருக்கேன்."

அதன் பிறகு கத்ரீனா கத்தினாள். லாரி கிளம்பியது. அவள் கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடுவது சந்து முடியும்வரை கேட்டது.

ரோஷன் பீவி திரும்பி வந்து அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சட்டியில் கருவாடு கரிந்துகொண்டிருந்தது. இடித்த இடியில் கதவுப் பலகை லேசாக விலகி, இடுக்கு வழியே பக்கத்து அடுப்படி தெரிந்தது. அடுப்பில் ஒரே ஒரு பானை. அதில் மரவள்ளிக் கிழங்கு, மேலே கொஞ்சம் மரவள்ளி இலை. அவள் வீட்டுப் பானையில் இருந்த அதே கிழங்கு. பன்றியும் இல்லை, கொழுப்பும் இல்லை. அந்த வீட்டில் இறைச்சி என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்து எத்தனை மாதமாகியிருக்கும்! எந்த வாசத்தைத்தான் அவள் மோந்தாளோ.

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது அவளுக்கு.

சமதுவும் தாவூதும் சந்துமுனையிலேயே சேதியைக் கேட்டுவிட்டு ஓடி வந்தார்கள். சமது முதலில் மகள் எங்கே என்று கேட்டார். தோப்பில் பத்திரமாக இருக்கிறாள் என்றதும் சுவரில் சாய்ந்தார். அதன் பிறகுதான் அடுப்படிக் கதவைப் பார்த்தார்.

"யார் அடிச்சது இதை?"

ரோஷன் பீவி வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"நான்தான் மச்சான்" என்றான் தாவூத்.

சமது ஓங்கி அறைந்தார். கடையில் ஒரு வேலைக்காரன் மேல்கூடக் கை நீட்டாத மனிதர் அவர். தாவூத் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான், லாத்தாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலாவது அவள் பேசியிருப்பாளோ என்னவோ. தன்னால் தம்பி அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவள் நின்றாள்.

அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு தோப்பிலிருந்து பெண்கள் திரும்பி வந்தார்கள். ஜமீலா உம்மாவைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனாள். தந்தையின் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு, தாவூதோடு சேர்ந்து ஆணியைப் பிடுங்க உட்கார்ந்தாள்.

அடுப்படிக் கதவு இன்னும் திறக்காததால், வரிசைத் தாய்மார்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள். அவரவர் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு ரோஷன் பீவியிடம் வந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

"தெரிமா காசே, பீவி. தெரிமா காசே."

நன்றி சொன்னார்கள்! கிணற்றிலிருந்து தூக்கிவிட்டதற்கு நன்றி. ஒருத்தியாவது ஆணியைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ஒருத்தியாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். ஒவ்வொரு நன்றிக்கும் ரோஷன் பீவியின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. ஒரு கிழவி அவள் கையை எடுத்து முத்தமிட்டபோது, சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

கடைசியாகக் கத்ரீனா வந்தாள். லாரியின் பின்னால் ஓடிய காலில் செருப்பு இல்லை. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அவளுக்கு இந்த வீட்டிலிருந்து கூட்டிப்போக யாரும் இல்லை.

"எல்லாப் பிள்ளைங்களும் வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

"வந்துட்டாங்க."

"நல்லது" என்றாள் கத்ரீனா.

ரோஷன் பீவியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மிஸ்ஸி, கதவுக்கு ஆணி அடிக்கச் சொன்னது நான். என் தம்பி வேணாம்னான். என் வீட்டுக்காரருக்கு இது தெரியவே தெரியாது. அடைக்காதீங்கன்னு நீங்க சொன்னதைக் கேட்டுட்டு, நான்தான் அடைக்கச் சொன்னேன்."

சமது திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு தாவூதின் கன்னத்தைப் பார்த்தார். அடுப்படியில் சுத்தியல் சத்தம் ஒரு கணம் நின்றது.

"தெரியும்" என்றாள் கத்ரீனா. "அன்னிக்கே சத்தம் கேட்டுச்சு. வந்து சொல்லலாம்னு உங்க வாசல்வரைக்கும் வந்தேன். வீட்டை வித்துட்டு மறுநாளே வந்து இதைச் செய், அதைச் செய்யாதேன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வெட்கமா இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

யார் வெட்கப்பட வேண்டிய இடத்தில் யார் வெட்கப்பட்டிருக்கிறார்கள்! ரோஷன் பீவி அழுதாள். கத்ரீனா அழவில்லை. அவளுக்கு அழ நேரமில்லை.

"மிஸ்ஸி, கருணாகரன் எனக்குத் தெரிஞ்சவன்தான்" என்றார் சமது. "நான் போய் அவன்கிட்டப் பேசிப் பார்க்கிறேன்."

"அதுக்குத்தான் வந்தேன். அவன் சொன்னா அந்த ஆபீசர் விட்டுடுவான். ஆனா சும்மா சொல்ல மாட்டான்." கத்ரீனா கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். "அவனுக்கு இந்த வீட்டு மேல கண்ணு. தரகு பேச வந்தப்பவே எனக்கே கொடுத்துடுன்னு தனியா வந்து கேட்டான். உங்களைவிட அதிகமாத் தர்றேன்னான்."

சமதுவின் முகத்தில் ஈயாடவில்லை. கூரை ஒழுகும், கிணறு பாதி, சந்து குறுகல் என்று தான் அடுக்கியதெல்லாம் அவர் காதிலேயே திரும்பி ஒலித்திருக்க வேண்டும். ஜெயித்த பேரம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அது.

"பிறகு ஏன் எனக்குக் கொடுத்தீங்க?"

"அவன் வீட்டில பொண்ணு இல்லை" என்றாள் கத்ரீனா. "உங்க வீட்டில இருக்கு. பொண்ணு இருக்கிறவங்க அந்தக் கதவை அடைக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

ரோஷன் பீவி இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்தாள். புது வீட்டுச் சாவி. குடிவந்த நாளிலிருந்து தூங்கும்போதுகூட அவள் அதை இடுப்பிலிருந்து எடுத்ததில்லை. கணவரின் கையைப் பிடித்து, அதில் வைத்து மூடினாள்.

"வீட்டைத்தான் கேப்பான் ரோஷன்" என்றார் சமது மெதுவாக. "ஜமீலாவை வச்சுக்கிட்டு மறுபடி எங்கே போறது?"

"ஒரு சாக்கு மூட்டைக்குப் பின்னால வச்சுக் காப்பாத்துவோம். கேட்டதைக் கொடுத்துட்டு அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வாங்க." மூடிய கையை அவள் விடவில்லை. "இன்னிக்கு மட்டும் பேரம் பேசாதீங்க."

சமது சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எந்தச் சுவரையும் தொட்டுப் பார்க்காமல், தொப்பியை ஆணியிலேயே விட்டுவிட்டு, கத்ரீனாவோடு சந்தில் இறங்கி நடந்தார்.

ரோஷன் பீவி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தாள். ஓர் ஆணி மட்டும் வெளியே வந்து தரையில் கிடந்தது. அடுத்ததோடு போராடிக்கொண்டிருந்த ஜமீலா, தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.